புதிய வக்கீல் அலுவலகம்: சட்டம் எழுதினால் கட்சிக்காரர் வருவாரா?

வாசகர் கேள்வி: 8 ஜூன் 2025

நானும் என் நண்பரும் ஆறு ஆண்டுகள் ஜூனியர்களாக இருந்துவிட்டு, சித்திரைத் திருவிழா முடிந்த கையோடு மதுரையில் தனி அலுவலகம் திறந்திருக்கிறோம். வாடகை மாதம் தவறாமல் போகிறது. கேஸ் கட்டு வரவில்லை. தமிழில் சட்ட விளக்கங்கள் எழுதி வெளியிட்டால் கட்சிக்காரர்கள் தேடி வருவார்கள் என்கிறேன் நான். பார் கவுன்சில் நோட்டீஸ்தான் தேடி வரும் என்கிறார் நண்பர். யார் சொல்வது சரி?

8 ஜூன் 2025, இரவு

நண்பர் சொல்வதுதான் சரி. வக்கீல்களின் நடத்தையை ஒழுங்குபடுத்தும் இந்திய பார் கவுன்சிலின் விதிகளில் 36-ஆம் விதியை எடுத்து இருவரும் சேர்ந்து உட்கார்ந்து படியுங்கள். நேரடியாகவோ மறைமுகமாகவோ வழக்குத் தேடக்கூடாது. விளம்பரம், சுற்றறிக்கை, தரகர், பத்திரிகைச் செய்தி எதுவும் கூடாது. நடத்துகிற வழக்கோடு சேர்த்துப் படம் போட்டுக்கொள்ளவும் கூடாது. பெயர்ப் பலகைகூட அளவோடு இருக்க வேண்டும். 'சொத்து வழக்கு நிபுணர்' என்று பலகையில் எழுதினால் அதுவே மீறல். புகார் போனால் வழக்கறிஞர் சட்டம் 35-ஆம் பிரிவில் விசாரணை. கண்டிப்பில் தொடங்கிப் பெயர் நீக்கம் வரை போகலாம்.

1975-இல் டபோல்கர் வழக்கில் உச்ச நீதிமன்றம் பார்த்தது என்ன? பம்பாய்க் குற்றவியல் நீதிமன்ற வாசலில், வருகிறவர்களை வழிமறித்துக் கேஸ் பிடித்த வக்கீல்களை. இன்று வாசல் மாறிக் கைபேசிக்குள் வந்துவிட்டது. 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் இதைக் கடுமையாகவே சொன்னது. இணைய நிறுவனங்கள் வழியாக வழக்குப் பிடிக்கும் வழக்கறிஞர்கள்மீது நடவடிக்கை எடுக்கச் சுற்றறிக்கை அனுப்பும்படி பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது. வக்கீல் தொழில் வியாபாரம் அல்ல என்பதே அந்தத் தீர்ப்பின் உயிர்நாடி.

எழுதாதீர்கள். சீனியரிடம் போய் இரண்டு கட்டு கேட்டு வாங்குங்கள்.

9 ஜூன் 2025

நேற்று எழுதியதைக் காலையில் படித்தேன். பாதிதான் சொல்லியிருக்கிறேன். இரண்டு திருத்தம்.

ஒன்று, 51-ஆம் விதி. வழக்கறிஞர் ஒருவர் பத்திரிகைக்கு எழுதலாம், ஒலிபரப்பில் பேசலாம், பாடம் நடத்தலாம் என்று அந்த விதி வெளிப்படையாகவே சொல்கிறது. விளம்பரத் தடைக்கும் முழுநேர வேலைத் தடைக்கும் உட்பட்டு என்பதுதான் நிபந்தனை. ஆகவே எழுத்து தடை செய்யப்பட்டதல்ல. எழுத்துக்குள் விளம்பரம் ஒளிந்திருப்பதுதான் தடை.

இரண்டு, 36-ஆம் விதிக்கு 2008-இல் ஒரு விலக்கு சேர்த்தார்கள். வழக்கறிஞருக்குச் சொந்த இணையத்தளம் இருக்கலாம். பெயர், முகவரி, தொலைபேசி, மின்னஞ்சல், பதிவு எண், பதிவு நாள், எந்த பார் கவுன்சில், எந்த வழக்கறிஞர் சங்கம், படிப்பு, எந்தத் துறை வழக்குகளை நடத்துகிறார் என்பது வரை போடலாம். பலகையில் எழுதக்கூடாத வழக்குத் துறையை இணையத்தளத்தில் போடலாம். இந்த வேறுபாடு பல சீனியர்களுக்கே தெரிவதில்லை. நானே நேற்று மறந்துதான் எழுதினேன்.

14 ஜூன் 2025

"உங்களுக்கு முதலில் யார் வந்தார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். சொல்கிறேன்.

என் கூட்டாளியும் நானும் கே.கே. நகர்ப் பக்கம், மாவட்ட நீதிமன்றத்துக்கு நடக்கிற தூரத்தில், மாடியில் ஓர் அறை எடுத்தோம். கீழே ஜெராக்ஸ் கடை. முதல் ஆறு மாதமும் மாடிப்படி ஏறி வந்தவர்களில் பெரும்பாலோர் நோட்டரி யார் என்று கேட்டு வந்தவர்கள்தான். அப்போது எங்களிடம் வந்துசேர்ந்தவர் குமாஸ்தா அண்ணன். முப்பது ஆண்டு அனுபவம். சார்பதிவாளர் அலுவலகத்தின் ஒவ்வொரு ஜன்னலும் தெரிந்தவர். அவர்தான் ஒரு நாள் சொன்னார்: "அம்மா, கீழே ஜெராக்ஸ் கடையில் நிற்பவர்கள் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று ஒரு வாரம் கேளுங்கள்."

கேட்டேன். வில்லங்கச் சான்றில் பெயர் இருந்தால் பட்டா தானாக மாறிவிடுமா? பட்டா என் பெயரில் இருந்தால் நிலம் எனக்குச் சொந்தமா? அண்ணன் அனுபவிக்கிற வீட்டுக்கு நான் வரி கட்டினால் பங்கு கிடைக்குமா? எல்லாம் வீட்டு வாசலில் தினமும் கேட்கப்படுகிற கேள்விகள். பதில் சொல்பவர்கள் பக்கத்து வீட்டுக்காரரும் டீக்கடைப் பெஞ்சும். பாதிப் பதில் தவறு. பட்டா என்பது வருவாய்த் துறைப் பதிவு, அது மட்டுமே சொத்துரிமையைத் தந்துவிடாது என்ற ஒரு வரியை யாரும் அவர்களுக்குத் தமிழில் எழுதிக் கொடுத்திருக்கவில்லை.

அந்த வரியில்தான் எங்கள் முதல் தாள் தொடங்கியது. ஒரு கேள்வி, ஒரு பக்கம். இணையத்தளத்தில் போட்டோம். கீழே கடைக்காரர் கேட்டதால் அவரிடமும் ஒரு பிரதி கொடுத்தோம். அந்தப் பிரதியில் எங்கள் பெயரோ எண்ணோ போடவில்லை. கூட்டாளிக்கு அதில் வருத்தம். நான் விட்டுக்கொடுக்கவில்லை. பெயரும் எண்ணும் அச்சடித்துக் கடையில் வைத்தால் அது சுற்றறிக்கை. 36-ஆம் விதி பெயர் சொல்லித் தடுப்பது அதைத்தான்.

15 ஜூன் 2025

சின்னக் குறிப்பு. "ஜெயித்தால் பங்கு தருகிறேன் என்பவர்களை எடுத்துக்கொள்ளலாமா" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கூடாது. வழக்கின் முடிவைப் பொறுத்துக் கட்டணம் பேசுவதை பார் கவுன்சில் விதி தடுக்கிறது. தரகருக்குக் கமிஷன் கொடுப்பதும் வேண்டாம். 2023-இல் வழக்கறிஞர் சட்டத்தில் 45-ஏ பிரிவு சேர்ந்தபின், பட்டியலில் பெயர் ஏறிய தரகராகச் செயல்படுவதற்குச் சிறைத் தண்டனையே உண்டு. வாடகை கட்ட முடியாத மாதத்தில்தான் இந்த இரண்டும் கதவைத் தட்டும். எங்களுக்கும் தட்டியது.

29 ஜூன் 2025

எதைப் பற்றி எழுதுவது என்பதற்கு என் அனுபவத்தில் ஒரே அளவுகோல்: நாள் தவறினால் உரிமை போய்விடுகிற விஷயங்களை முதலில் எழுதுங்கள்.

விளக்குத்தூண் பக்கம் ஜவுளி வியாபாரம் செய்பவர் ஒருவர், திரும்பி வந்த காசோலையோடு வந்தார். வங்கி கொடுத்த சீட்டில் தேதியைப் பார்த்தேன். விரல் விட்டு எண்ணினேன். முப்பத்து நான்காம் நாள். திரும்பியது தெரிந்த 30 நாட்களுக்குள் எழுத்தில் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் கிடைத்தபின் பணம் கட்ட 15 நாள். அதற்குள் கட்டாவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் நீதிமன்றத்தில் புகார். அவர் முதல் படியிலேயே நான்கு நாள் தாமதம். "பழகியவர்தானே, தந்துவிடுவார் என்று இருந்தேன் வக்கீலம்மா" என்றார். நல்லவேளையாகக் காசோலை எழுதிய நாளிலிருந்து மூன்று மாதம் முடியவில்லை. மீண்டும் வங்கியில் போடச் சொன்னேன். மீண்டும் திரும்பியது. இம்முறை மறுநாளே நோட்டீஸ் போனது.

அன்று மாலையே அந்தத் தாளை எழுதினோம். 30, 15, ஒரு மாதம், மூன்று மாதம். இந்த நான்கு எண்களைத் தவிர அதில் வேறெதுவும் பெரிய எழுத்தில் இல்லை.

மொழியைப் பற்றியும் சொல்லவேண்டும். நம் வாயில் வருகிற தமிழ் நீதிமன்றத் தமிழ். 'மேற்படி எதிர்மனுதாரர் இதன்கண்' என்று எழுதினால் படிப்பவர் இரண்டாம் வரியில் நின்றுவிடுவார். எழுதியதைக் குமாஸ்தா அண்ணனிடம் வாசித்துக் காட்டுவேன். அவர் நெற்றியைச் சுருக்கிய இடத்தில் எல்லாம் மாற்றுவேன்.

6 ஜூலை 2025

முக்கியமானதைச் சொல்ல விட்டுவிட்டேன். எழுதிய தாள் கெட்டுப்போகும். நம் வீட்டு மாவைப்போல அதற்கும் நாள் கணக்கு உண்டு.

முன்ஜாமீன் பற்றி ஒரு தாள் வைத்திருந்தோம். அதில் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 438-ஆம் பிரிவு என்று இருந்தது. 2024 ஜூலை 1 முதல் புதிய குற்றவியல் சட்டங்கள் வந்துவிட்டன. இப்போது முன்ஜாமீன் 482-ஆம் பிரிவு. பழைய சட்டத்தில் 482 என்றால் உயர் நீதிமன்றத்தின் உள்ளார்ந்த அதிகாரம். அது இப்போது 528. ஜீவனாம்சம் 125-இலிருந்து 144-க்குப் போய்விட்டது. எண்ணை மாற்றாமல் விட்டால் படிப்பவர் குழம்புவார். சட்டக் கல்லூரி மாணவர் ஒருவர் இதைச் சுட்டிக்காட்டி எழுதியபோது வெட்கமாக இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உட்கார்ந்து எல்லாத் தாளையும் திருத்தினோம். ஒவ்வொன்றின் தலையிலும் 'கடைசியாகச் சரிபார்த்த நாள்' என்று போடுகிற வழக்கம் அன்று வந்தது.

24 ஜூலை 2025

இன்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை திறந்து 21 ஆண்டு நிறைகிறது. 2004 ஜூலை 24. விலகிப்போகிறேன் என்று தெரியும். ஆனாலும் எழுதத் தோன்றுகிறது.

கிளை வருவதற்கு முன், தென்மாவட்டத்துக்காரர் ஒரு ரிட் மனுவுக்காகக்கூடப் பாண்டியன் எக்ஸ்பிரஸ் ஏறிச் சென்னை போகவேண்டும். என் சீனியர் சொல்வார்: கட்சிக்காரர் வக்கீல் கட்டணத்துக்கு யோசித்ததைவிட வழிச்செலவுக்குத்தான் அதிகம் யோசித்தார். இன்று ஒத்தக்கடையில் யானைமலையைப் பார்த்தபடி நிற்கிறது கிளை. கன்னியாகுமரியில் இருப்பவரும் கரூரில் இருப்பவரும் காலையில் வந்து மாலையில் வீடு திரும்பலாம். தூரம் குறைந்தால் நீதி கேட்பவர் கூடுகிறார். தமிழில் எழுதுவதும் தூரத்தைக் குறைக்கிற வேலை என்றே நான் நம்புகிறேன். இந்த நம்பிக்கை இல்லாதவர் மாதம் ஒரு தாள் எழுதித் தாக்குப்பிடிக்க மாட்டார்.

10 ஆகஸ்ட் 2025

இன்று எழுதப்போவது எங்கள் தவறு. சம்பந்தப்பட்டவரிடம் அனுமதி கேட்டு, அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி எழுதுகிறேன்.

பெண்களின் சொத்துப் பங்கு பற்றிய தாள்தான் எங்களிடம் அதிகம் பேர் படித்தது. இந்து வாரிசுச் சட்டத்தில் வந்த திருத்தத்தின்படி, 2005 செப்டம்பர் 9 முதல் பூர்வீகச் சொத்தில் மகளும் மகனைப்போலப் பிறப்பாலேயே பங்காளி. அன்று அப்பா உயிருடன் இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020-இல் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இவ்வளவும் உண்மை. இவ்வளவோடு நிறுத்தியதுதான் தவறு.

சென்ற மாதம் மேலூர்ப் பக்கத்து ஊரிலிருந்து ஓர் அம்மா வந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். மாட்டுத்தாவணியில் இறங்கி, வெயிலில் நடந்தே வந்திருந்தார். மஞ்சள் பையிலிருந்து நான்காக மடித்த தாளை எடுத்துப் பிரித்து, மேஜைமேல் வைத்துக் கையால் நீவினார். எங்கள் தாள். பேரன் இணையத்திலிருந்து எடுத்து அச்சிட்டுக் கொடுத்தானாம். மடிப்பு ஓடிய இடங்களில் எழுத்து தேய்ந்திருந்தது. 'அப்பா உயிருடன் இல்லாவிட்டாலும்' என்ற வரிக்குக் கீழே நீல மையில் இரண்டு கோடு.

"அப்பா 2003-இல் போய்விட்டார் அம்மா. நீங்கள் எழுதியிருப்பதைக் காட்டித் தம்பிமார்களிடம் கேட்டேன். வாசலோடு அனுப்பிவிட்டார்கள்" என்றார்.

தம்பிமார் கையில் இருந்தது 1998-இல் பதிவான பாகப்பிரிவினைப் பத்திரம். அப்பாவும் இரண்டு மகன்களும் பெரியாற்றுக் கால்வாய்ப் பாசன நன்செய்யை மூன்றாகப் பிரித்துக்கொண்டது. 2004 டிசம்பர் 20-க்கு முன் பதிவுப் பத்திரத்தால் நடந்த பாகப்பிரிவினையை 2005 சட்டம் தொடாது. அந்தத் தேதி எங்கள் தாளில் இல்லை. எங்கள் எழுத்தை நம்பி உடன்பிறந்தவர்களோடு பகை தேடிக்கொண்டு வந்து உட்கார்ந்திருக்கிறார். கூட்டாளி பத்திர நகலைப் பார்த்துவிட்டு, "இதில் ஒன்றும் செய்ய முடியாது" என்றார். நானும் அதைத்தான் சொல்ல வாயெடுத்தேன்.

கட்டு தைத்துக்கொண்டிருந்த குமாஸ்தா அண்ணன் தலை நிமிராமலே கேட்டார்: "உங்களுக்குக் கல்யாணம் எந்த வருஷம்?"

1990, தை மாதம்.

என் கை அப்படியே நின்றது. தமிழ்நாடு தன் சொந்தத் திருத்தத்தை மத்திய அரசுக்கு முன்பே செய்துவிட்டது. 1989 மார்ச் 25 அன்று திருமணமாகாமல் இருந்த மகளுக்கு அன்றே பூர்வீகச் சொத்தில் பங்காளி உரிமை உண்டு. அப்படியானால் 1998-இல் அவர் ஒரு பங்காளி. அவர் கையெழுத்தே இல்லாத பாகப்பிரிவினை அவருடைய பங்கைக் கட்டுமா என்று கேட்க இடம் இருக்கிறது. அந்தச் சட்டத்தை நான் கல்லூரியில் படித்திருக்கிறேன். தாள் எழுதும்போது மட்டும் நினைவுக்கு வரவில்லை.

11 ஆகஸ்ட் 2025

நேற்றைய குறிப்பைப் படித்துப் பலரும் கொண்டாடியிருக்கிறார்கள். பொறுங்கள். காலவரையறை இருக்கிறது. கூட்டுக் குடும்பச் சொத்திலிருந்து விலக்கப்பட்டவர், விலக்கப்பட்டது தெரிந்த நாளிலிருந்து 12 ஆண்டுக்குள் வழக்குப் போடவேண்டும். பத்திரம் 1998. எப்போது தெரிந்தது என்பதுதான் கேள்வி. இரண்டு ஆண்டு முன்புவரை தைப்பொங்கலுக்குத் தம்பிமார் நெல் மூட்டை அனுப்பியிருக்கிறார்கள். நாம் அதைப் பங்கு என்போம். எதிர்த் தரப்பு பொங்கல் சீர் என்பார்கள். இரண்டையும் அந்த அம்மாவிடம் சொல்லிவிட்டேன். வழக்குப் போட்டால் எத்தனை வாய்தா ஓடும் என்பதையும் சொன்னேன்.

திண்டுக்கல்லிலிருந்து எழுதும் வழக்கறிஞர் ஒருவர் கேட்டிருக்கும் கேள்விக்குத் தனியாக நன்றி சொல்லவேண்டும்: "அந்தப் பத்திரத்தில் அப்பாவுக்கு விழுந்த பங்கு இப்போது யார் கையில்?"

இன்று காலை பத்திரத்தை மீண்டும் எடுத்துப் பார்த்தேன். அப்பாவின் பங்கு 90 சென்ட். உயில் இல்லை. அம்மா முன்பே காலமாகிவிட்டார். அப்படியானால் அந்த 90 சென்ட் மூன்று பிள்ளைகளுக்கும் சமமாக இறங்கவேண்டும். இதற்கு 1989-உம் வேண்டாம், 2005-உம் வேண்டாம். 1956 வாரிசுச் சட்டத்திலேயே மகள் முதல் வகுப்பு வாரிசு. நாங்கள் புதிய சட்டத்தைப் பெரிய எழுத்தில் போட்டு, அவர் கண்ணை எளிய உரிமையிலிருந்து திருப்பிவிட்டோம். தம்பிமாரிடம் அவர் கேட்டிருக்கவேண்டியது இந்த 30 சென்டை. அதை அவர்கள் அப்படி மறுத்திருக்க முடியாது.

7 செப்டம்பர் 2025

கேள்வி கேட்ட நண்பர் திரும்ப வந்து, "கடைசியில் எழுத்தால் எத்தனை வழக்கு வந்தது என்று நேராகச் சொல்லுங்கள்" என்கிறார். நியாயமான கேள்வி. குமாஸ்தா அண்ணன் முகவரி எழுதும் நோட்டில், யார் சொல்லி வந்தார்கள் என்று ஒரு பத்தி போட்டு வைத்திருக்கிறார். மூன்று ஆண்டில் தாளைப் படித்து நேராக வந்தவர்களில் வக்காலத்துப் போட்டது ஒன்பது பேர். வாடகைக்கு அது போதாது. மற்றதெல்லாம் சீனியர் கொடுத்த கட்டும், வழக்கு முடிந்தவர் அழைத்து வந்த உறவினரும்தான். எழுதுவதை நம்பிக் கடன் வாங்காதீர்கள்.

ஆனால் வழக்கு இல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பியவர்கள் அந்த நோட்டில் இருமடங்குக்கு மேல். அவர்களிடம் ஆலோசனைக் கட்டணம் வாங்குவதா என்பதில் எங்களுக்குள் இன்னும் ஒருமித்த முடிவு இல்லை. நான் வாங்குவதில்லை. கூட்டாளி வாங்குகிறார். அவர் வாங்குவதிலும் தவறில்லை. அரை மணி நேரம் பத்திரம் படித்த உழைப்பு அது.

இன்னொன்றிலும் சண்டை நடந்தது. ஒவ்வொரு தாளின் அடியிலும், பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஆகியோருக்கு வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி உண்டு, மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம், 15100 என்ற எண்ணில் பேசலாம் என்று போடுகிறோம். "வருகிறவரை நாமே வேறு வாசலுக்கு அனுப்புகிறோமே" என்றார் கூட்டாளி. கையில் பஸ் கட்டணம் மட்டும் வைத்திருப்பவருக்கு அந்த வாசல் தெரியாமல் இருக்கும்படி நாம் எழுதினால், அது சட்ட விளக்கம் இல்லை என்று சொன்னேன். அந்த வரி இருக்கிறது.

11 அக்டோபர் 2025

தகவலுக்காக எழுதுகிறேன். அந்த அம்மா வழக்குப் போடவில்லை. முழு நன்செய்க்கும் பங்கு கேட்பதா, 30 சென்டோடு நிறுத்துவதா என்று ஒரு வாரம் யோசித்துவிட்டு, 30 சென்ட் போதும் என்றார். முடிவு அவருடையது. நாங்கள் ஒரு நோட்டீஸ் மட்டும் அனுப்பினோம். இளைய தம்பி நோட்டீஸோடு நேரில் வந்தார். அப்பா பங்கைப் பற்றி அவரிடம் யாரும் பேசியதே இல்லை என்றார். அண்ணனிடம் அவர்தான் பேசினார். சென்ற வாரம் மேலூர் சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம் பதிவானது. எங்களுக்கு நோட்டீஸ் கட்டணமும் பத்திரம் எழுதிய கட்டணமும்.

தாளையும் மாற்றிவிட்டோம். சட்டத்தில் தொடங்காமல் கேள்வியில் தொடங்குகிறது: கல்யாணம் எந்த ஆண்டு? பாகப்பிரிவினை பதிவாகியிருக்கிறதா, எப்போது? அதில் அப்பாவுக்குப் பங்கு உண்டா? உயில் இருக்கிறதா? இதற்கெல்லாம் பதில் தெரியும்வரை உடன்பிறந்தவர்களிடம் போய்ப் பேசவேண்டாம் என்று தனி வரி.

நேற்று அந்த அம்மா மீண்டும் வந்தார். பக்கத்துத் தெருப் பெண் ஒருவரையும் கூட அழைத்து வந்திருந்தார். நான் நாற்காலியை இழுத்துப் போடுவதற்குள் புதிய தாளைத் திருப்பி என் முன் வைத்தார். பின்பக்கத்தில், பேரன் கையெழுத்தில், அந்தப் பெண்ணின் கல்யாண ஆண்டும் பத்திர எண்ணும் எழுதியிருந்தது. "பஸ்ஸில் வரும்போதே கேட்டு எழுதி வாங்கிவிட்டேன். உயில் மட்டும் இருக்கிறதா என்று தெரியவில்லையாம். அதை நீங்கள் பாருங்கள் அம்மா" என்றார்.